சி போகும், டி இருக்குமா?

"ஃபைல் எல்லாம் டி-யில இருக்கு சார், சி-யை மட்டும் ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடுங்க." என் சர்வீஸ் மேசையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, இன்னும் அதிகம் கேட்கிறேன். உடனே தலையாட்டுவதில்லை, முதலில் அந்த 'எல்லாம்' எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி-க்குள்தான். கல்யாண போட்டோ ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் கிடக்கும். உரியவரோ அது டி-யில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். அவுட்லுக் மெயில், டேலி கணக்கு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு ஆகியவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, அந்த டி எப்படிப்பட்டது? பல லேப்டாப்களில் ஒரே டிஸ்க்கைத்தான் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரே வீட்டுக்குள் எழுப்பிய குறுக்குச் சுவர் அது. வீடு இடிந்தால் இரண்டு அறையும் போகும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

டிரைவைப் பூட்டும் பிட்லாக்கரையும் பார்த்துவிட வேண்டும். டி பூட்டப்பட்டிருந்தும் தானாகத் திறக்கும்படி அமைத்திருந்தால், அதற்கான சாவி சி-யில் இருக்கும். சி-யை அழித்ததும் டி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். எண் கையில் இல்லையென்றால் வேலையைத் தொடங்கமாட்டேன்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட், பட்டியலில் உள்ள பிராசஸர் எல்லாம் இருந்தால், ஃபார்மட்டே வேண்டாம் என்பேன். இருக்கும் விண்டோஸின் மேலேயே 11-ஐப் போடலாம். பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம்.

ஃபார்மட்தான் என்று முடிவானால், கவனம் எல்லாம் ஒரே திரையில். எந்த இடத்தில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. டிரைவ் 0, பார்ட்டிஷன் 3 என்றுதான் வரும். அதனால் டி-க்கு முன்கூட்டியே ஒரு பெயர் வைத்து, அளவையும் தாளில் எழுதிக்கொள்வேன். இரண்டு டிஸ்க் இருந்தால் இரண்டாவதைக் கழற்றியே வைத்துவிடுவேன். கை தவறாது என்பது ஒரு காரணம். அந்த டிஸ்க்கில் பழைய பூட் பார்ட்டிஷன் இருந்தால், புது விண்டோஸ் தன் பூட் ஃபைல்களை அங்கே வைத்துவிடக்கூடும் என்பது இன்னொரு காரணம். பிறகு அதைக் கழற்றினால் லேப்டாப் எழாது.

வேலை முடிந்து டி-யைத் திறக்கும்போது சில ஃபோல்டர்கள் அனுமதி இல்லை என்று சொல்லலாம். ஃபைல் போய்விடவில்லை, அதன் உரிமை பழைய யூசர் கணக்கின் பெயரிலேயே நிற்கிறது. உரிமையை மாற்றினால் போதும். டாகுமென்ட்ஸின் இருப்பிடத்தையும் அப்போதே டி-க்கு மாற்றிவிட்டால் அடுத்த முறை இத்தனை தேடல் இருக்காது.

இவ்வளவு செய்தாலும் டி ஒரு ஒழுங்கு மட்டுமே, காப்பு நகல் ஆகாது. அதனால் விண்டோஸ் இருக்கும் பென் டிரைவைச் செருகும் முன் கேட்பேன்: "டி-யும் போச்சுன்னா எதுக்கு சார் அழுவீங்க?" அவர் கைகாட்டும் ஃபோல்டர் வெளி டிஸ்க்கில் ஏறிய பிறகுதான் இன்ஸ்டால்.