நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?

அப்பாவுக்குச் சலரோகம் என்று தெரிந்த நாளில் டொக்டர் சொன்னது ஒரேயொரு வசனம். "ஐயா, சீனியைக் குறையுங்கோ." வெளியில் அத்தனை பேர் வரிசையில் நிற்க அவரும்தான் என்ன செய்வார்? அப்பா அன்றே தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டார். சோறும் புட்டும் பாணும் பழையபடி. அதுவும் உடம்புக்குள் சீனியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சில வருடங்களில் ஒரு காலை எடுத்தார்கள்.

போன வருடம் எனக்கும் இரத்தம் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி 6.2. அதாவது 5.7 முதல் 6.4 வரை வாசற்படி, 6.5 என்றால் வீட்டுக்குள் வந்தாச்சு. தீட்டாத அரிசி, மரக்கறி, தினமும் 30 நிமிட நடை என்று ஒரு கடதாசி தந்தார்கள். அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் தூசி பிடித்தது.

நான் ஹூஸ்டன் ஹில்குரொஃப்ட் வீதியில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் நிற்கிறவன். 2010இல் இந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். உண்ணாவிரதம் இருந்த மனிதரின் பெயரில் உள்ள இடத்தில், நாங்கள் ராத்திரி 11 மணிக்கு மிஞ்சின பிரியாணியும் குலாப் ஜாமூனும் தின்கிறோம்!

பிறகு கிளினிக்கில் வந்து கதைக்கச் சொன்னார்கள். ஸ்பானிய மொழிக்காரப் பெண். அவவின் ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். "ஓம், தினமும் நடக்கிறனான்" என்று முதலில் பொய்தான் சொன்னேன். அவ மறுக்கவில்லை. நேற்று ராத்திரி வேலை முடிந்து என்ன சாப்பிட்டீர்கள், இருந்தா, நின்றுகொண்டா என்று கேட்டா. அதற்குப் பொய் வாயில் வரவில்லை. நின்றுகொண்டு, தட்டத்திலிருந்து கையாலேயே. கடைசியில் ஒரேயொரு உடன்பாடு: கூட்டம் வருமுன் 5 மணிக்கு இருந்து சாப்பிடுவது, 11 மணிக்குத் தட்டத்தைத் தொடுவதில்லை.

2006இல் ஏ9 பாதை பூட்டுப்பட, யாழ்ப்பாணத்தில் என் புள்ளிவிபரவியல் படிப்பு அரைவாசியில் நின்றது. எண்களைத் தேடும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அதே 2006இல் சென்னையில் டொக்டர் அ. ராமச்சந்திரன் குழு ஒரு ஆய்வை வெளியிட்டிருக்கிறது. என்னைப்போல வாசற்படியில் நின்ற 531 பேர், மூன்று வருடங்கள். வழமையான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 வீதமானவர்களுக்கு நோய் வந்தது. நேரிலும் தொலைபேசியிலும் தொடர்ந்து கதைக்கப்பட்டவர்களில் 39.3 வீதம். மெட்ஃபோர்மின் குளிசை போட்டவர்களில் 40.5. கதையும் குளிசையும் ஏறக்குறைய ஒன்று! 2013இல் அதே குழு, கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திகளாலும் நோய் 36 வீதம் குறைந்ததாகக் காட்டியது. ஆனால் அதிலும் தொடக்கத்தில் ஆளை நேரில் இருத்திக் கதைத்திருக்கிறார்கள்.

கதைத்தும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்திருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. இந்த ஆய்வுகள் நோய் வருமுன் உள்ளவர்களுக்கானவை. ஆகவே ஒரு கதிரையும் அரை மணித்தியாலமும் அப்பாவின் காலைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் அந்த அரை மணித்தியாலம் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

நானும் ஒவ்வொரு ஞாயிறும் ஊருக்கு எடுத்து "மருந்து போட்டனீங்களோ அப்பா?" என்றுதான் கேட்டேன். அவரும் "ஓம் தம்பி" என்றுதான் சொன்னார். உங்கள் அப்பா அம்மா இருந்தால், இந்த ஞாயிறு கேள்வியை மாற்றிப் பாருங்கள்.