பாணில் வளரும் பங்கசும் நம் வீட்டுச் சீனியும்



விஞ்ஞான பாடத்தில் ஈரப் பாண் துண்டொன்றை மூடி வைத்து, சில நாளில் வெண்பஞ்சு போல் பங்கசு வளர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். ரைசோபஸ் என்ற அந்த இனம் மனிதரின் கண்ணையும் பறிக்கும் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பெரியவர்கள் நாமும் 2021 வரை அதைப் பெரிதாக அறிந்திருக்கவில்லை.

அந்த வருடம் கொரோனாவின் பின்னாலேயே இந்தியாவில் 'கறுப்புப் பூஞ்சை' வந்தது. மே மாதம் தமிழ்நாடு அதை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் 45,000க்கு மேற்பட்டோருக்கு வந்து, 4,300க்கு மேற்பட்டோர் மௌத்தானதாக அந்நாட்டு அரசே சொன்னது. தப்பியவர்களிலும் பலருக்குக் கண் போனது.

இந்தப் பங்கசின் வித்திகள் மண்ணிலும் உக்கிய இலையிலும் உண்டு. தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஆளுக்கு ஆள் தொற்றுவதுமில்லை. சீனி கட்டுக்கடங்காத உடம்பில், ஸ்டெரொயிட் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்த உடம்பில்தான் அது பெரும்பாலும் வேர்பிடிக்கிறது. இரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைக்கிறது. இரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது; அந்தக் கறுப்பு பங்கசின் நிறமல்ல. மூக்கின் பக்க அறைக்கும் கண்குழிக்கும் இடையில் தாள் போன்ற எலும்புதான். அதைத் தாண்டினால் சில நாட்களுக்குள் பார்வை போகலாம். போனது பெரும்பாலும் திரும்பாது.

கல்முனையில், சாய்ந்தமருதில், மருதமுனையில் சீனி வருத்தக்காரர் இல்லாத குடும்பம் எத்தனை? மூக்கடைத்தால் பீனிசம் என்று வேது பிடிக்கிறோம், பாமசியில் குளிசை வாங்குகிறோம். பெரும்பாலும் அது வெறும் பீனிசம்தான். ஆனால் சீனி உள்ளவருக்கு ஒரு பக்கக் கன்னம் நொந்தாலோ, வீங்கினாலோ, மரத்தாலோ, மூக்கால் கறுப்பாக வந்தாலோ, மேல்வாயில் கறுப்புத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. "இவருக்குச் சீனி இருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள். செத்த சதையை வெட்டி அகற்ற வேண்டும், அம்போடெரிசின் மருந்து ஏற்ற வேண்டும். இரண்டும் பிந்தக் கூடாது.

இன்னுமொன்று. நோன்பு வந்தால் யாரையும் கேட்காமல் இன்சுலினை நிறுத்திவிடும் உம்மாமார், வாப்பாமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சீனி எல்லை மீறி ஏறுவதற்கு அதுவே போதும். நோன்புக்கு முன்பே அவர்களை டொக்டரிடம் கூட்டிப் போவோம். நோக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் பிள்ளைகளாகிய நம் கடமைதான்.