கஞ்சம் ஜில்லாவில் ஒரு குழாய்

ஹௌரா மெயிலில் வடக்கே போகிறவர்கள் பிரம்மபூர் ஸ்டேஷன் வந்ததும் பட்டுப் புடைவையைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் சில்கா ஏரியைக் காண ஜன்னலோரம் இடம் தேடுவார்கள். நானோ பட்டையும் ஏரியையும் விட்டுவிட்டு, ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்ப்பதற்காக அங்கே இறங்கினேன். "ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் குழாய் பார்க்கவா?" என்று வீட்டில் கேட்டார்கள். நம் சென்னைத் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர்தான் லாரியில் வருகிறது என்று பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அந்தக் கிராமம். மேலே பாறையிடுக்கில் சுனை. அதைச் சிறு தொட்டியில் தேக்கிக் குழாய் வழியே கீழே விட்டிருக்கிறார்கள். இயந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. மேட்டிலுள்ள ஜலம் பள்ளத்தை நாடும் சுபாவமே போதும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று குழாய்கள்: சமையலறையில் ஒன்று, ஸ்நான அறையில் ஒன்று, கழிப்பறையில் ஒன்று.

இதற்கும் சென்னைக்கும் சம்பந்தமுண்டு. 1971-இல் வங்காள அகதிகளுக்குத் தொண்டு செய்யச் சென்னையிலிருந்து ஒரு மாணவர் கோஷ்டி புறப்பட்டது. அதே வருஷம் ஒரிஸ்ஸாவில் பெரும் புயல் வீசவே, சிலர் அங்கே சென்றனர். அவர்களுள் ஜோ மடியத் என்ற கேரளத்து இளைஞர் திரும்பவே இல்லை. 1979-இல் 'கிராம் விகாஸ்' என்னும் ஸ்தாபனம் பிறந்தது. 1992-இல் ஐந்து கிராமங்களில் இந்தக் குழாய் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் விதித்த நிபந்தனைதான் விசேஷம். ஊரில் ஒரு குடும்பம் பாக்கியின்றி எல்லாரும் சேரவேண்டும். வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய் பொது நிதிக்குத் தரவேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் ஒருவருக்கும் தண்ணீர் கிடையாது! பின்னாளில் 100 கிராமங்களை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், வைத்தியம் தேவைப்பட்ட வயிற்றுப்போக்கு 30 முதல் 50 சதவிகிதம் வரை குறைந்ததாக 2015-இல் எழுதினார்கள்.

நிபந்தனை எளிதாக நிறைவேறிற்றா? எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் ஒரு கிழவியம்மாளைக் கேட்டேன்.

"இரண்டு வருஷம் இழுத்தது ஐயா. கடைசியில் ஒரே வீடு பாக்கி. என் மைத்துனர்தான்! கீழைத் தெருக்காரர்கள் நம் கிணற்றங்கரைக்கே வரக்கூடாது என்றிருந்த ஊர் இது. அவர்களுக்கும் நமக்கும் ஒரே தொட்டித் தண்ணீரா என்று ஒற்றைக்காலில் நின்றார்."

"பிறகு?"

"அவர் சம்சாரம் ஒரு நாள் விடியற்காலையில் காலிக் குடத்தைக் கொண்டுவந்து அவர் எதிரே வைத்தாள். 'முப்பது வருஷம் நான் சுமந்தேன்; இனி நீங்கள் போய் வாருங்கள்' என்றாள். மூன்று நாள் வீம்பாகப் போனார். ஊர்ப் பெண்களெல்லாம் வழிவிட்டு நின்று பார்த்தோம். நாலாம் நாள் பணத்தைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்!"

சொல்லிவிட்டுக் கிழவி பொக்கைவாய் தெரியச் சிரித்தாள். உள்ளே போய்ச் சமையலறைக் குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். சுனையின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை.

அப்போது கையில் நோட்டுப் புத்தகத்துடன் ஒரு முதியவர் வாசலில் வந்து நின்றார். குழாய் பராமரிப்புக்கு மாதாமாதம் வீட்டுக்கு வீடு சிறு தொகை வசூலிக்கிறவராம்.

"இவர்தான் அந்த மைத்துனர்" என்றாள் கிழவி, தணிந்த குரலில். "வசூலைக் கீழைத் தெருவிலிருந்துதான் ஆரம்பிப்பார். அங்கேதான் பாக்கி வைக்கிறவர்கள் கிடையாதாம்."