மாரிக்கு முன்னம் கூரை: பலெர்மோவில் ஒரு கேம்பரைப் பராமரிப்பது

பலெர்மோவில் ஒருவரைச் சந்திக்க வேண்டுமென்றால் "பொலிதேயாமாவடிக்கு வாங்கோ" என்றுதான் சொல்லுவோம். விமான நிலையத்து பஸ் நிற்பது அங்கே. எங்கட அம்மாமார் பலர் வீட்டு வேலை செய்த பெரிய மாடிவீடுகள் தொடங்குவதும் அந்தப் பக்கம்தான். சதுக்கத்தின் ஒரு பக்கம் பொலிதேயாமா அரங்கு, அதன் முகப்பின் மேலே மாரியோ ருத்தெல்லி செய்த வெண்கலக் குதிரைகள். இன்னொரு பக்கம் எமெரிகோ அமாரி வீதி நேரே துறைமுகத்துக்கு இறங்குகிறது. கோடையில் நாப்போலியிலிருந்து இரவுக் கப்பல் வந்து சேர்ந்த காலைகளில், ஜெர்மன், சுவிஸ், பிரெஞ்சு இலக்கத்தகடுகளோடு வெள்ளை கேம்பர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டும்.

இத்தாலியர் வாயில் அது "கம்பர்". இராமாயணம் பாடினவர் இல்லை, வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வண்டி! கனடாவில் ஆர்.வி., இங்கிலாந்தில் மோட்டர்ஹோம். சித்தப்பா சூரிச்சில், மாமி ஸ்டுட்கார்ட்டில், பெரியம்மா பாரிஸில் என்று சொந்தங்கள் சிதறிக் கிடக்கிற எங்களுக்கு இது பொருத்தமான வண்டிதான். நாலு பேருக்கு விமானச் சீட்டு வேண்டாம், யாருடைய ஹோலிலும் பாய் விரிக்க வேண்டாம், பிள்ளையளுக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்கும். அதனால் எங்கட தலைமுறையில் சிலர் பழைய கேம்பர் ஒன்றை வாங்குகிறார்கள். வாங்கின பிறகுதான் பராமரிப்பு என்கிற கதை தொடங்குகிறது.

வண்டியோடு வரும் கைநூலும் யூடியூப் வீடியோக்களும் பெரும்பாலும் வடக்கு ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்தவை. ஒக்டோபரில் தண்ணீரை வடித்து, வண்டியை மூடி நிறுத்து, ஏப்ரலில் திற. அவர்களுடைய எதிரி உறைபனி. பலெர்மோவின் கரையோரத்தில் வெப்பநிலை சைபருக்கு இறங்குவது மிக அரிது. "இங்கே குளிர் இல்லைத்தானே, வண்டிக்கு ஒண்டும் வராது" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். ஆனால் இங்கே வண்டியைக் கெடுப்பது கோடை வெயில். அது செய்த வேலை தெரியவருவது மழை தொடங்கும்போது.

சிசிலியில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை மிகக் குறைவு. ஒக்டோபருக்குப் பிறகுதான் நல்ல மழை. யாழ்ப்பாணத்திலும் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். கோடை காய்ந்து முடிய மாரி. அதனால்தான் ஊரில் ஓலை வீடுகளை மாரிக்கு முன்னம் வேய்ந்தார்கள். பழைய கிடுகைப் பிரித்துப் புதியது கட்டினார்கள். ஏணியில் ஏறி நான் கேம்பர் கூரையைச் சுரண்டுவதைக் கீழே நின்று பார்த்த அப்பா, "உது வேய்ச்சல் வேலைதானே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. பலெர்மோவில் கேம்பர் வைத்திருப்பவருக்கு வடக்கத்தைய கைநூலைவிட யாழ்ப்பாணத்து நாட்காட்டிதான் பொருந்துகிறது.

எனவே முதல் வேலை ஆவணியில், கூரையில். செப்டெம்பர் 4ஆம் திகதி சாந்தா ரொசாலியாவின் திருநாள். எங்கட ஆட்கள் சைவம், வேதம் என்ற பேதமில்லாமல் மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு நடந்து ஏறுவார்கள். அந்த வாரத்துக்குள் கூரையை முடிப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கேம்பரின் கூரை ஒரே தகடு இல்லை. மேல்யன்னல், சோலார் பனல், கேபிள் நுழையும் துளை, பக்கவாட்டு விளிம்பு என்று ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பசை இருக்கிறது. வெயில் அதைக் காயவைத்து வெடிக்கவைக்கும். மென்மையான பிரஷும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கோ. உயர் அழுத்தத் தண்ணீரை இணைப்புகளில் அடிக்கக்கூடாது, அதுவே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். பிறகு ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கோ. வெடிப்பு இருந்தால் அதன் மேலே புதுப் பசை பூசுவது வேலையில்லை. பழையதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதாக எடுத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கேம்பருக்கென்று விற்கும் பொலியூரித்தேன் பசையைப் போட வேண்டும். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோன் வேண்டாம். அதன் மிச்சத்தின் மேல் பிறகு வேறெந்தப் பசையும் ஒட்டாது. எல்லாக் கூரையும் ஆள் பாரத்தைத் தாங்காது. ஏணியில் நின்றே செய்யலாம். நடுப்பகலில் ஏறாதீங்கோ, தகடு சுடும்.

இதற்கு இவ்வளவு பாடுபடுவது ஏன்? பழைய கேம்பர்கள் பலவற்றின் சுவருக்குள் மரச் சட்டம் இருக்கிறது. வெளியே அலுமினியம், உள்ளே பிளைவுட், நடுவே மரமும் ஃபோமும். ஒரு சின்ன வெடிப்பால் போகிற தண்ணீர் மாதக்கணக்கில் உள்ளே நின்று மரத்தை உக்கவைத்த பிறகுதான் எங்கள் கண்ணுக்குத் தெரியும். ட்ரைவருக்கு மேலே பிள்ளையள் படுக்கிற மேல்கட்டில்தான் பெரும்பாலும் முதலில் நனைகிற இடம். மழை பெய்த மறுநாள் அங்கே மெத்தையைத் தூக்கி, மூலைகளைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கோ. மெத்தென்று இருந்தாலோ, பூஞ்சண மணம் வந்தாலோ, சுவர்த்தாள் பொங்கியிருந்தாலோ உள்ளே ஈரம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி ஒவ்வொரு வருசமும் அதே இடங்களில் வைத்து எண்ணைக் குறித்து வைத்தால், எது கூடுகிறது என்று தெரியும். பூஞ்சணத்துக்கு நடுவே படுத்துப் பிள்ளை இருமத் தொடங்கினால் வண்டி வாங்கின நோக்கமே போய்விடும்.

பொலிதேயாமா அரங்குக்கும் ஒரு கூரைக் கதை உண்டு. ஜுசெப்பே தாமியானி அல்மெய்தா வடிவமைத்த அந்தக் கட்டடம் 1874இல் திறக்கப்பட்டபோது அதற்குக் கூரையே முடியவில்லை. உலோகக் கூரை 1877இல்தான் வந்தது, பலெர்மோவின் ஒரேத்தியா வார்ப்பாலையின் வேலை. திறப்பு விழா ஜூன் மாதம் என்பதால் சமாளித்திருப்பார்கள்!

அடுத்தது மார்கழி. நத்தார் விடுமுறைக்கு வடக்கே சொந்தங்களிடம் போகிறவர்களுக்கு மட்டும் கைநூலின் குளிர்ப் பக்கங்கள் தேவைப்படும். எரிவாயுதான் முதல் விசயம். பியூட்டேன் சைபர் டிகிரிக்குக் கிட்ட ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். பலெர்மோவில் நன்றாக எரிந்த பொம்போலா அல்ப்ஸில் நடு இரவில் ஹீற்றரை நிறுத்தலாம். எனவே புறப்படமுன் புரோப்பேன் என்று கேட்டு வாங்குங்கோ. ரப்பர் ஹோஸில் அச்சடித்திருக்கிற திகதியையும் பாருங்கோ.

வண்டியின் தரையிலும் சுவரிலும் சில துவாரங்கள் இருக்கும். எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழே இறங்கி வெளியேறத்தான் தரையில் துவாரம். குளிர்காற்று வருகுது என்று அம்மம்மா துணி அடைக்கப் பார்ப்பா. எந்தக் காரணத்துக்கும் விடாதீங்கோ. எங்கட சமையலுக்கு அடுப்பு நேரம் கூட எரியும். அப்போது மேல்யன்னல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். அடுப்பைச் சூடு காய வைத்திருக்கவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையில் இருப்பவருக்கு அது தெரியாது. அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம் வாங்கிப் பூட்டி, பட்டனை அழுத்தி வேலை செய்கிறதா என்று பாருங்கோ.

ரயரும் அப்படித்தான். கேம்பரின் ரயர் தேய்ந்து முடியமுன் வயது போய்விடும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம். இத்தாலியில் பலகை போட்ட வீதிகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால ரயர் அல்லது சங்கிலி கட்டாயம். சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரைதான் ஓடலாம். நூறு லீற்றர் தண்ணீர் நூறு கிலோ. அதோடு அரிசி மூட்டை, குக்கர், மாமிக்குக் கொண்டுபோகிற சாமான் எல்லாம் சேர்த்து ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கோ.

பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து சிரொக்கோ அடிக்கும். ஊர்ச் சோளகம் மாதிரித்தான், ஆனால் சகாராவின் மணலோடு வரும். ஒரு தூறல் சேர்ந்தால் வண்டி முழுக்கச் செந்நிறச் சேறு. அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் அக்ரிலிக் யன்னல்கள் கீறிவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றி மணல் போன பிறகுதான் துணி. பிரிட்ஜின் வெளிக் காற்றுத் துவாரங்களையும் தட்டித் துப்புரவாக்குங்கோ. கடற்கரையில் நிறுத்தியிருந்தாலும் கப்பலில் போய்வந்தாலும் வண்டியின் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும், உப்பு விடாது.

கோடையில் நிறுத்தி வைக்கும்போது தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் விடாதீங்கோ. இளஞ்சூட்டு நீரில்தான் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும். தொட்டி கழுவக் குளோரினும், சுண்ணாம்புப் படிவுக்குச் சித்திரிக் அமிலமும் பாவிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீங்கோ, நச்சு வாயு வரும். ஒன்று போட்டால் முற்றாக அலசி, வேறொரு நாளில் மற்றது.

இந்த வேலைகளில் பிள்ளையளைச் சேருங்கோ. ரயர் இலக்கத்தை வாசிப்பது, டோர்ச் பிடிப்பது, ஈரக்கருவியின் எண்ணைக் கொப்பியில் எழுதுவது எல்லாம் எட்டு வயதுக்காரர் செய்யக்கூடியவை. மாரி, கோடை, சோளகம், வேய்ச்சல் என்ற சொற்களைப் புத்தகத்தில் படித்தால் சோதனை முடிய மறந்துவிடுவார்கள். கூரையில் கை வைத்துக் கேட்ட சொல் கொஞ்சக் காலம் கூடத் தங்கும். எங்கட வண்டியின் அலுமாரிக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஆவணி கூரை, மார்கழி காஸ், சித்திரை கழுவல். கையெழுத்து மூத்தவளுடையது. "வ"வும் "ல"வும் இன்னும் கொஞ்சம் குழம்புகின்றன, திகதிகள் மட்டும் சரி.