கேட்டில் எழுதிய நேரம்

எங்கள் சைட் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன், உள்ளே வரும் ஒவ்வொரு கான்கிரீட் லாரியின் நேரத்தையும் நோட்டில் எழுதிவந்தார். எதற்காக எழுதுகிறோம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் அந்த நோட்டைப் புரட்டியதில்லை. ஒருநாள் புரட்டினேன். ஐந்து லாரிகள், சரியாகக் கால் மணி நேர இடைவெளியில் வந்திருந்தன. சென்னைப் போக்குவரத்தில் அப்படி வரவே வராது. மாலையில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியது அது.

கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் தரும் சலானில், பிளாண்டில் கலவை ஏற்றிய நேரம் இருக்கும். அதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 தரும் பொதுக்கணக்கு. தாமதமானால் கலவை இறுகத் தொடங்கும். அதை இளக்க யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். தூணின் பலம் அங்கேயே குறைந்துவிடும். இதைச் சொன்னதும் அவர், "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அடுத்த வாரம் கேட்டிலிருந்து போன் வந்தது: "ஏத்தி ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. உள்ள விடட்டுமா?"

தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வந்த புதிதில், தகவல் பதிவு பற்றி ஏசி அறையில் ஸ்லைடு போட்டு வகுப்பெடுத்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், டீ குடித்தார்கள், கலைந்தார்கள். எழுதும் இடத்திலேயே பேச வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதைவிடக் கடினமான பாடம் க்யூப் ரிஜிஸ்டரில் கிடைத்தது. கான்கிரீட்டை 150 மி.மீ. கனசதுரங்களாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28-ஆம் நாள் மெஷினில் வைத்து உடைத்துப் பலத்தைப் பார்ப்போம். ஒரு மாதிரிக்கு மூன்று க்யூப். ஒரே கலவையில் எடுத்த மூன்றும் ஒரே அளவில் உடையாது. ஐ.எஸ். 456 கூட, சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்துக்கு இடம் தருகிறது. ஆனால் எங்கள் ரிஜிஸ்டரில் எம்25 கான்கிரீட்டுக்கு வாரக்கணக்காக 31, 31, 32 என்றே வரிசையாக இருந்தது. லேப் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "போன தடவை 22 எழுதினப்ப நீங்க எல்லார் முன்னாடியும் கத்துனீங்க சார்." அதன்பிறகு க்யூபுக்கு மட்டும் கொஞ்சம் சிமெண்ட் கூடுதலாகச் சேர்த்து வார்த்து, எண்ணையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

அன்று நான் திட்டியது கான்கிரீட்டை அல்ல, உண்மையை எழுதியவனை. சுத்தியல் சோதனையும் கோர் சோதனையும் செய்து, அந்த வாரங்களில் போட்ட கான்கிரீட்டை மறுபடி சரிபார்த்தோம். குறைந்த எண் வந்தால் முதலில் எனக்கு போன் செய்வது, எழுதியவரை யாரும் குறை சொல்லாமல் காரணம் தேடுவது என்று அதற்குப்பின் முறை வைத்தோம். ரிஜிஸ்டரில் எண்கள் மேலும் கீழுமாக வரத் தொடங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தொழிலாளர் விவரங்களைக் காப்பதும் தகவல் பதிவில் சேர்ந்ததுதான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் ஆதார் நகல்கள் சைட் ஆபீஸ் மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டம் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை. இப்போது அவை பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் நிறுத்திவிட்டோம்.

போன மாதம் கேட் நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். ஏற்றிய நேரம், வந்த நேரம் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒன்றை அண்ணனே போட்டிருந்தார்: காலி லாரி வெளியே போன நேரம். நான் கேட்காதது அது. வரிவரியாகப் பார்த்தால் தாமதம் சாலையில் இல்லை. எங்கள் பம்ப் தயாராகாமல் லாரிகள் உள்ளேயே நின்றிருக்கின்றன. நோட்டை எடுத்துக்கொண்டு பம்ப் ஆபரேட்டரிடம் போனேன். அண்ணனையும் கூடவே அழைத்துப் போனேன்.