தன் கதையைத் தானே திருடிய வழக்கு

பிறர் கதையைத் திருடிவிட்டதாக எழுத்தாளர்கள் மீது வழக்கு வருவது பழைய சங்கதி. தன் கதையையே திருடியதாக ஒருவருக்குச் சம்மன் வந்ததை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவருக்கு வக்காலத்துப் போட்டவனும் நானே. தொண்ணூறுகளின் கடைசி. என் கட்சிக்காரர் ஆனேக்கல்லில் குடியிருந்த தமிழர். பகலில் ஜிகணியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதுவார், இரவில் தமிழில் கொலை செய்வார். மாதம் ஒரு நாவல்; பஸ் நிலையப் பெட்டிக்கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் ரகம். வாதி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூரிலிருந்த ஒரு பதிப்பாளர். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதில் ‘முழு உரிமையும்’ என்று எழுதி வாங்கி, சில ஆண்டுகளுக்கு முன் தான் வெளியிட்ட நாவலையே இவர் பெயர் மாற்றிச் சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு மறுபடி விற்றுவிட்டார் என்பது பிராது.

இரண்டு புத்தகங்களையும் ஒரே ராத்திரியில் படித்தேன். பிராதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அதே துடுக்கான உதவியாளர் பெண். முதல் அத்தியாயத்தில் பிணம், இரண்டாவதில் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு குடும்பம், கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் இரண்டு தண்டவாளமும் சேரும் இடம். கொலையானவர் வேறு, கொலைக்கான காரணம் வேறு, ஊர் வேறு. அவரிடமே கேட்டேன். “சார், வாசகன் எங்கிட்ட கேக்கறதே அந்தக் கதையத்தான். வேற மாதிரி எழுதினா போஸ்ட் கார்டு போட்டுத் திட்டறான்” என்றார். அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

அவர் சொன்னதில் ஒரு தொழில் நியாயம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நாவல் என்று ஒப்புக்கொண்டவன் ஒவ்வொரு மாதமும் புதிய கட்டடம் எழுப்ப முடியாது. அஸ்திவாரம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல் எழுதியவர் என்று சொல்லப்படும் ராஜேஷ்குமார், இரண்டு தனிக்கதைகளை மாறி மாறி ஓட்டி முடிவில் முடிச்சுப் போடும் உத்தியைத் தன் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டவர். அவருக்குத் துப்பறியும் ஜோடி விவேக்–ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்–சுசீலா, சுபா இரட்டையருக்கு நரேந்திரன்–வைஜயந்தி. பெங்களூர் பி.இ.எல்.லில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள் என்பதால் எங்கள் பார் ரூமில் அவர்களுக்குத் தனி மரியாதை. இந்த ஜோடிகள் பத்திரிகை விட்டுப் பத்திரிகை போயிருக்கிறார்கள். கணேஷை முதலில் அறிமுகம் செய்த பத்திரிகை, அடுத்த பத்திரிகையின் மீது வழக்குப் போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வாசகனும் அதைத் திருட்டென்று நினைக்கவில்லை, வருகை என்றுதான் நினைத்தான்.

ஆனால் வாசகன் நினைப்பது வேறு, கோர்ட் நினைப்பது வேறு. பதிப்புரிமை வழக்கை ஆனேக்கல் முன்சீப் கோர்ட்டில் போட முடியாது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத இடத்தில்தான் போடச் சொல்கிறது. வாதி தான் தொழில் செய்யும் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்ற சலுகையையும் தருகிறது. ஓசூர்க்காரர் நினைத்திருந்தால், அப்போது தருமபுரி மாவட்டமாக இருந்த தன் பக்கத்திலேயே, தமிழ் படிக்கத் தெரிந்த நீதிபதி முன் வழக்குப் போட்டிருக்கலாம். சலுகையை விட்டுவிட்டுப் பிரதிவாதி குடியிருக்கும் இடத்தைத் தேடி, கன்னடம் பேசும் கோர்ட்டுக்கு வந்தார். பெருந்தன்மை என்று முதலில் நினைத்தேன். பிராதோடு இணைத்திருந்த ஆவணத்தைப் பார்த்தபோதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் கெட்டிக்காரத்தனம் புரிந்தது.

தமிழ்ப் புத்தகத்தை அந்த நீதிபதி படிக்க முடியாது. மொழிபெயர்ப்பு தாக்கல் செய்ய வேண்டும். முழு நாவலை யார் மொழிபெயர்ப்பார்கள்? இரண்டு கதைகளின் சுருக்கத்தையும் ஆங்கிலத்தில் இரண்டு பத்தியாக அடித்து, வரிக்கு வரி எதிரெதிரே வைத்திருந்தார்கள். பிணத்துக்கு எதிரே பிணம், போலீஸ்காரருக்கு எதிரே போலீஸ்காரர். சட்டம் பாதுகாப்பது கதையின் கருவை அல்ல, அது சொல்லப்பட்ட விதத்தை. வசனம், நடை, காட்சியைக் கட்டியிருக்கும் முறை எல்லாம் அந்தச் சுருக்கத்தில் உதிர்ந்துபோய், சட்டம் பாதுகாக்காத எலும்புக்கூடு மட்டும் கோர்ட் முன் நின்றது. எலும்புக்கூடுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த அட்டவணையை வைத்தே, எங்களுக்கு நோட்டீஸ் வருவதற்கு முன்பே, புதிய நாவலின் விற்பனைக்கு இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார்கள்.

இரு தரப்பும் மேற்கோள் காட்டியது ஒரே தீர்ப்பை. ஆர்.ஜி. ஆனந்த் என்ற டில்லி நாடகாசிரியர் 1953-இல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற நாடகம் எழுதி, அடுத்த ஆண்டு மேடையேற்றினார். பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்க, பிள்ளைகள் காதலிக்கிறார்கள். 1956-இல் மோகன் சேகல் இயக்கிய ‘நியூ டெல்லி’ படம் வந்தது. கிஷோர் குமார் பஞ்சாபிப் பையன், வைஜயந்திமாலா தமிழ்ப் பெண். தன்னிடம் கதை கேட்டவர்களே எடுத்துவிட்டார்கள் என்று ஆனந்த் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 1978-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கருவுக்கும் கதைப்பின்னலுக்கும் யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது, இரண்டையும் பார்த்த சாதாரண மனிதனுக்கு ஒன்று மற்றதன் நகல் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் எழுகிறதா என்பதே கேள்வி என்று நீதிபதி பஸல் அலி எழுதினார். படம் வரதட்சணையையும், வேற்று மாநிலத்தானுக்கு வீடு கொடுக்க மறுக்கும் குறுகிய மனதையும் சேர்த்திருந்தது. அதனால் அது வேறு படைப்பு. அந்தத் தீர்ப்பில் எனக்கு மறக்காத இடம் நீதிபதி பதக் எழுதிய சிறு தனிக்குறிப்பு. படம் நாடகத்தைத் தழுவியது என்ற முடிவுக்குத் தான் வந்திருக்கக்கூடும், ஆனால் கீழே இரண்டு கோர்ட்டுகள் ஒரே முடிவுக்கு வந்துவிட்டபின் தலையிடத் தயங்குகிறேன் என்பது அதன் சாரம். வேறு வரிசையில் நடந்திருந்தால் ஆனந்த் ஜெயித்திருக்கலாம். வக்கீல் தொழிலில் இதைவிடத் தூக்கம் கெடுக்கும் வாசகம் கிடையாது.

நாங்கள் தடையை நீக்கக் கேட்டபோது நான் பதில் அட்டவணை ஒன்று போட்டேன். எர்ல் ஸ்டான்லி கார்டனரின் பெர்ரி மேசன் நாவல்கள் இரண்டை எடுத்து, அதே மாதிரி இரண்டு பத்தியாகச் சுருக்கினேன். உண்மையை மறைக்கும் கட்சிக்காரர், கொலை, கட்சிக்காரர் கைது, பூர்வாங்க விசாரணை, குறுக்கு விசாரணையில் நிஜக் கொலையாளி உடைந்துபோவது. கார்டனரும் கலிபோர்னியாவில் வக்கீல் தொழில் செய்தவர். கதைத் திருப்பங்களை எழுதி வைத்துச் சுழற்றிப் பார்க்கும் அட்டைச் சக்கரங்களே வைத்திருந்தவர். எண்பதுக்கு மேற்பட்ட மேசன் நாவல்கள் அப்படி வந்தன. அந்தத் தலைமுறையில் சட்டக் கல்லூரியில் பெர்ரி மேசன் படிக்காதவர்கள் குறைவு, நீதிபதியும் படித்தவர். அட்டவணையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இதன்படி பார்த்தால் கார்டனர் தன் மீதே எண்பது வழக்குப் போட வேண்டும்” என்றார். பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதி, அந்த ரசீது. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்று 19-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. அது 1994-இல் திருத்தமாக வந்து 1995 மே மாதம் அமலுக்கு வந்தது. என் கட்சிக்காரரின் ரசீது அதற்கு முந்தையது. ஏழை எழுத்தாளனுக்காகவே கொண்டுவந்த பாதுகாப்பு, அவன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்ட காரணத்தால் கைக்கெட்டவில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. உரிமையை விற்றுவிட்ட ஓவியரோ சிற்பியோ, தன் பழைய வார்ப்பையும் மாதிரி வரைவையும் மறுபடி பயன்படுத்தலாம், முக்கிய வடிவத்தை அப்படியே திருப்பிச் செய்யாத வரையில் குற்றமில்லை என்று 52-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நாவலாசிரியனைப் பற்றி அந்தப் பிரிவில் அப்படி ஒரு வரி கிடையாது. சிற்பியின் வார்ப்பு கண்ணுக்குத் தெரிகிறது, எழுத்தாளனின் வார்ப்பு தெரிவதில்லை என்பதாலோ என்னவோ.

அந்த ஓட்டையை அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றை வைத்துத்தான் அடைத்தேன். டாஷியல் ஹாமெட் 1930-இல் ‘மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் திரைப்பட உரிமையை வார்னர் நிறுவனத்துக்கு விற்றார். பிறகு அதன் துப்பறிவாளர் சாம் ஸ்பேடை வைத்து வானொலித் தொடர் நடத்தப் பிறருக்கு அனுமதி கொடுத்தார். வார்னர் வழக்குப் போட்டது. கதை விற்கப்பட்டதே தவிர, அந்தக் கதையைச் சுமந்து வந்த ஆள் விற்கப்படவில்லை, ஆசிரியன் அவனை அடுத்த கதைக்கு அழைத்துப் போகலாம் என்று 1954-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டுத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஆனந்த் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்ப்புகளை வரிசையாகப் பரிசீலித்திருந்தது. நீதிபதி ஏற்றுக்கொண்டு தடையை நீக்கினார்.

ஜெயித்தோம் என்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கொடுத்துவிட்டால் அந்த மனுவை முப்பது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. முயல வேண்டும், அவ்வளவுதான். வாய்தா மேல் வாய்தா போய் எங்களுக்கு உத்தரவு வருவதற்குள் அதைவிட அதிகம் ஆகியிருந்தது. முப்பது நாளிலேயே வந்திருந்தாலும் என்ன பயன்? மாத நாவலுக்கு ஆயுளே முப்பது நாள். அடுத்த மாதப் புத்தகம் வந்ததும் பழையதைக் கடைக்காரர் கட்டுக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். தடை நீங்கிய நாளில் விற்கப் புத்தகம் இல்லை, கேட்க வாசகனும் இல்லை. ஓசூர்க்காரருக்கும் வழக்கில் அக்கறை போய்விட்டது. ஆஜராகாமல் விட்டு, மூல வழக்கு தள்ளுபடியானது. அவருக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, அந்த ஒரு மாதம்.

சென்னைப் பதிப்பாளர் பயந்தவர். “கேஸ் இருக்கற ரைட்டர் வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டார். என் கட்சிக்காரர் கொஞ்ச நாள் வேறு பெயரில், வேறு துப்பறிவாளரை வைத்து எழுதினார். அதே இரண்டு தண்டவாளம்தான், ஆனால் புதிய ஜோடியைப் பழைய வாசகர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு கணக்கு வேலையே போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

இப்போதும் ஆனேக்கல், சந்தாபுரா பக்கத்திலிருந்து எழுதும் பிள்ளைகள் ஒப்பந்தத்தைக் காட்ட வருவதுண்டு. வலைத்தொடர் கம்பெனிகளின் ஒப்பந்தம், நாற்பது பக்கத்துக்குக் குறையாது. கதைமாந்தரும் அவர்கள் பெயரும் ஆசிரியருக்கே உரியவை, அடுத்தடுத்த கதைகளில் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் அந்த வரி அடிக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. “அடிச்சிட்டாங்க சார், கையெழுத்துப் போடட்டுமா?” என்று கேட்கிறார்கள். முன்பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.