இரவு வகுப்புக் குறிப்புகள்

செவ்வாய்

'பாடம் நன்றாகப் போனது' என்று இனி இந்த நோட்டில் எழுதுவதில்லை. அந்த வாக்கியத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இல்லை. யார் எந்த எழுத்தில் நின்றார், யார் பக்கத்து நோட்டைப் பார்த்தார், யார் பாதியில் எழுந்து போனார் என்று எழுதினால்தான் நாளைக்கு உதவும். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதைத் தாண்டியவர்களுக்கு 200 மணி நேர வகுப்பு. களையெடுப்பு, நூறு நாள் வேலை, அடுப்படி எல்லாம் முடித்துவிட்டு வருகிறவர்களின் நேரம் அது. வீணாக்க எனக்கு உரிமையில்லை.

இன்றைய குறிப்பு: கரும்பலகைக்குக் கூப்பிட்டால் தலை கவிழ்கிறவர்கள், பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டால் வாசித்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்குத் தப்பு ஒரு விளையாட்டு. மருமகளும் அதே பாயில் உட்கார்ந்திருக்கும்போது மாமியாருக்கு அது மானப் பிரச்சினை.

வியாழன்

'க' வரிசை நடந்துகொண்டிருந்தது. ஓர் அக்கா மஞ்சப்பையிலிருந்து நூறு நாள் வேலை அட்டையை எடுத்து, "இதுல எம் பேரு எங்க இருக்குன்னு காட்டு டீச்சர்" என்றார். பாடப்புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பலகையில் எழுதி, தேடச் சொன்னேன். விரல் வரிவரியாக இறங்கியது. கணவர் பெயரில் கொஞ்சம் நின்று, தாண்டி, தன் பெயரில் போய் அழுத்தி நின்றது. "இந்தா கெடக்கேன்!" என்றார். அதற்குப் பிறகு யாரும் 'க' வரிசையைக் கேட்கவில்லை.

சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-இல் வெளியிட்ட நூலில், வேலை நடக்கும்போதே யோசித்துக் கையை மாற்றுவதையும் முடிந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பதையும் பிரித்துப் பேசுகிறார். முதலாவது வகுப்பிலேயே நடந்துவிடும். இரண்டாவதற்குத்தான் இந்த நோட்டு. அட்டையில் இருந்தது அந்த அக்காவின் பெயர், அவர் உழைத்த நாள், அவருக்கு வர வேண்டிய கூலி. கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸில் ஏறத்தாழ 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முனைந்தபோது, அவர்கள் வாழ்க்கையில் புழங்கிய சொற்களிலிருந்துதான் தொடங்கினார். அடுத்த வகுப்புக்கு ரேஷன் கடைப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் வகுப்பு. அது முடிந்ததும், கடைசி வரிசையில் உட்காரும் ஓர் அம்மாவைப் பற்றிய பக்கங்களை மட்டும் சேர்த்து வாசித்தேன். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது அவர் இளம்பெண். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்தக் காலத்தில் மாவட்டமெங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இவரும் பழகினார், எழுத்தும் படித்தார். "சைக்கிளு நெலச்சுச்சு, எழுத்துதான் நெலைக்கல" என்பார். சைக்கிளில் தினமும் எங்காவது போக வேண்டியிருந்தது. வாசிக்க வீட்டில் ஒரு தாள்கூட இல்லை. படித்ததை மறந்தவர் என்று அவரைச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

இரவுப் பக்கங்களில் அவர் பெயருக்கு எதிரே திரும்பத் திரும்ப ஒரே குறிப்பு: ண, ன தடுமாற்றம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் அது எங்குமே இல்லை. இன்று பள்ளித் திண்ணையில் உற்றுப் பார்த்தேன். புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, தடங்கலில்லாமல் வாசித்தார். கேட்டதற்கு, "ராத்திரி லைட்டுல எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு டீச்சர்" என்றார்.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எவருக்கும் வருவதுதான். ஒரு கண்ணாடி போதும். நினைவை மட்டும் நம்பியிருந்தால் இது அகப்பட்டிருக்காது. நினைவு 'மெதுவாகப் படிப்பவர்' என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். கிழமையும் நேரமும் போட்டு எழுதி வைத்ததால்தான் பிடிபட்டது.

புதன்

வயதுவந்தோர் கல்வியைப் பற்றி எழுதும் ஸ்டீபன் புரூக்ஃபீல்ட், பெயர் எழுதாத தாளில் மாணவர்களிடம் கேள்வி கேட்கச் சொல்கிறார்: எப்போது பாடத்தோடு ஒன்றினீர்கள், எப்போது விலகிப்போனீர்கள், எது குழப்பியது. எங்கள் வகுப்பில் தாளை நீட்ட முடியாது. வாய்விட்டுக் கேட்டால், "நல்லாத்தான் சொல்லித் தர்ற தாயி" என்பார்கள். என் மேல் உள்ள பிரியம் உண்மையைச் சொல்ல விடாது. அதனால் வாசலில் இரண்டு டப்பா வைத்தேன். புரிந்திருந்தால் ஒன்றில், புரியாவிட்டால் மற்றதில் ஒரு புளியங்கொட்டை போட்டுவிட்டுப் போகலாம். அந்த நேரத்தில் நான் உள்ளே பலகை துடைத்துக்கொண்டிருப்பேன்.

இன்று கழித்தல். புரியாத டப்பாதான் கனத்தது. ஆனால் இவர்களில் ஒருவரையும் கடைக்காரர் மீதிச் சில்லறையில் ஏமாற்ற முடியாது! 370 ரூபாய் சாமானுக்கு 500 கொடுத்தால், "முப்பது போட்டா நானூறு, இன்னொரு நூறு" என்று மேலே ஏறிப்போய் 130 என்று சொல்லிவிடுகிறார்கள். புத்தகமோ ஒன்றாம் இடத்தில் தொடங்கி, பக்கத்து இடத்தில் கடன் வாங்கச் சொல்கிறது. நாளை அவர்கள் கணக்கையே அவர்கள் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதப்போகிறேன். புத்தக வழி அதற்குப் பிறகு வரட்டும்.

வெள்ளி

பக்கத்து ஊர் வகுப்பை நடத்தும் அண்ணன் வந்து பின்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்க்க வேண்டாம், அவர்களைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். முடிந்ததும் சொன்னார்: "நீங்க பலகைப் பக்கம் திரும்பினா, அந்தக் கடைசி அம்மா பக்கத்துல உள்ளவங்களுக்குக் காதோட சொல்லிக் கொடுக்குறாங்க." பலகை முன்னால் நிற்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. அவரை முன்வரிசைக்குக் கொண்டுவர நினைத்திருந்தேன். இனி மாற்ற மாட்டேன். அந்த மூலைக்கு இன்னொரு பல்பு வேண்டும்.

திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு: வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் ஐம்பது ஐம்பது. அதற்குள் கண்ணாடி கைக்கு வர வேண்டும். திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பரிசோதனை என்றைக்கு என்று கேட்க வேண்டும். புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதியாயிற்று.